நூறு ரூபாய் நோட்டில் ஒரு கிணறு

கண் ஆபரேஷன் முடிந்து வீடு வந்த அன்று, சுருக்குப் பையிலிருந்து ஊதா நிற நூறு ரூபாய் ஒன்றை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அதுவரை நோட்டின் ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் கோடுகளை வைத்துத்தான் நூறு என்று தெரிந்துகொள்வேன். இப்போது கண்ணுக்கே தெரிகிறது! காந்தியின் முகம் முழுக்க மயிரிழைக் கோடுகள். கோடு நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம். தினமும் கோலம் போடும் கைதான் எனக்கு. இப்படி இழை இழுக்க வராது. எங்கள் உத்திரமேரூர்ப் பெருமாள் கோயில் சுவரில் எழுத்து வெட்டினவர்களுக்கு வேண்டுமானால் வந்திருக்கும்.

திருப்பினேன். தூண் தூணாக, அடுக்கடுக்காக, கீழே இறங்கும் படிகள்.

"மாமா, நோட்டுல கெணறு போட்டுக்கீறாங்க!"

என் வீட்டுக்காரர் நோட்டை மூக்கருகே வைத்துப் பார்த்தார். "போடி, கெணத்தப் போய் எவன் போடுவான்? கோயிலு. கோபுரம் நல்லாத் தெரியுது."

அதில் கோபுரமே இல்லை! இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் தினமும் கழனிக்கு மோட்டார் போடப் போகிறார். கிணற்றுக்குச் சுவரும் கிடையாது. ஆபரேஷன் என்றால் மட்டும் காத தூரம் ஓடுவார்.

"கெணறா இருந்தா நீயும் கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கணும்."

"சரிடி, பாத்துக்கலாம்."

யாரிடமும் வாய் திறந்து ஒன்று கேட்கக் கூசுகிறவள் நான். மறுநாள் சொட்டு மருந்து வாங்கப் போன இடத்தில், நர்ஸம்மாவிடம் நோட்டை நீட்டிக் கேட்டே விட்டேன். போனில் தேடிப் பார்த்துச் சிரித்தார்.

"கெணறுதாம்மா. குஜராத்ல இருக்கு. புருஷன் ஞாபகமா ஒரு ராணி வெட்டினதாம்."

வெயிலைக்கூடப் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாக வந்து அவரிடம் சொன்னேன்.

"அப்போ நான் செத்தாத்தான் நீ கெணறு வெட்டுவியா?" என்றார்.

"கெணறு நம்மகிட்டயே கீது. நீ அதுல வுழாம இருந்தா போதும்."

அடுத்த முறை கண் முகாம் வேன் வந்தபோது, அவர் வெளுத்த வேட்டியோடு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார்.

கட்டுப் பிரித்துத் திரும்பும்போது பஸ்ஸிலேயே கை நீட்டினார். "அந்த நோட்டக் குடு." வாங்கியவர் குழந்தை மாதிரிக் கத்தினார். "எந்தெந்த ஊரு எழுத்தோ வரிசையா கீதுடி! அதுல நம்மளுதும் கீது. நூறு ரூபாய்!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கூச்சமே வரவில்லை.

"ஆயாவுக்கு ஃப்ரீ. உனுக்கு டிக்கெட் எடுக்கணும் தாத்தா, நோட்டக் குடு" என்றார் கண்டக்டர்.

"வேற தரேன். இத்த தர மாட்டேன்" என்று மடித்துப் பிடித்துக்கொண்டார். பிறகு மறுபடி விரித்து, என் காதருகே குனிந்தார்.

"படியெல்லாம் சரி. மோட்டார எங்கடி வச்சிக்கீறான்?"