ஓரகத்தி வாசல் பித்தளை

சாந்தோமில் நோராவின் மாமனாருடைய பழைய வீட்டை, அவர் காலமான பிறகு, நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம் அது. தெருப்பக்க வாசல் மூத்தவர் ஹென்றிக்கும் அவர் மனைவி மர்சலினுக்கும் போயிற்று. இளையவர் ராஜநாயகத்துக்கும் நோராவுக்கும் பக்கத்துச் சந்தில் புதிதாக ஒரு வாசல் திறந்து கொடுத்தார்கள்.

நோரா பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். பிறத்தியார் புடவைக்கோ நகைக்கோ ஆசைப்பட்டவள் அல்ல. ஆனால் அந்தத் தெருக்கதவின் பித்தளையை மட்டும் அவளால் விட முடியவில்லை. கனத்த கைப்பிடி, நீளத் தாழ்ப்பாள், தட்டுவதற்கு ஒரு வளையம். எல்லாம் கைபட்டுக் கைபட்டு வெல்லப்பாகு நிறத்துக்கு வந்திருந்தன. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைத் துடைத்தவள் அவள்தான். மர்சலின் ஒரு நாளும் துணி எடுத்ததில்லை. இப்போது அது மர்சலினுடையது. பூசைக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து நோராவுக்கு வயிறு எரிந்தது.

ராஜநாயகம் மயிலாப்பூர் கடையிலிருந்து புதுப் பித்தளைக் கைப்பிடியும் தாழ்ப்பாளும் வாங்கி வந்து மாட்டினார். பளபளவென்று மஞ்சளாக மின்னின.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"தகர டப்பா மாதிரி இருக்கு" என்றாள் நோரா.

பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்த ஹபீபுர் ரஹ்மானிடம், பித்தளையைப் பழசாக்க வழி உண்டா என்று கேட்டாள். அவர் சிரித்தார். "எல்லாரும் புதுசாக்கச் சொல்லுவாங்க. நீ இன்னாம்மா இப்படிக் கேக்குறே?" என்றவர், ஈயம் பூசும்போது தூவுகிற நவச்சார உப்பில் கொஞ்சம் கொடுத்து, செய்யும் விதத்தையும் சொன்னார். "மூக்கைப் பொத்திக்கோ, காரம் கண்ணைப் புடுங்கும்."

நோரா கைப்பிடியையும் தாழ்ப்பாளையும் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்தாள். மண்பானையில் நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் நீர் தெளித்துக் கலந்தாள். பித்தளையை அதன்மேல் படாமல் கயிற்றில் தொங்கவிட்டு, பானை வாயை மூடிக் கொல்லையில் வைத்தாள். மறுநாள் திறந்தபோது பித்தளை பழுப்பேறியிருந்தது. தேங்காயெண்ணெய் தடவித் துடைத்ததும் அவள் ஆசைப்பட்ட அதே நிறம். திரும்பக் கதவில் மாட்டினாள்.

ஈஸ்டர் கழிந்து, வீடுகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வந்த பங்குக் கோயில் சாமியார், சந்து வாசலில் நின்றுவிட்டார்.

"காலமான பெரியவரோட கைப்பிடி உங்க பங்குக்கு வந்துடுச்சா? நல்லது. மூத்தவர் புதுசு வாங்கிப் போட்டிருக்கார், இப்பத்தான் பார்த்துட்டு வரேன்."

நோராவுக்கு ஒன்றும் புரியவில்லை. சாமி போனதும் தெருப்பக்கம் ஓடினாள். மர்சலினின் கதவு தங்கமாக ஜொலித்தது. கீழே செங்கல் பொடியும் புளிச் சக்கையும் கிடந்தன. மர்சலின் முழங்கை வரை கறுத்திருந்தாள்.

"என்னக்கா இது?"

"உன் வீட்டுக்குப் புதுசு வந்ததுலேர்ந்து என் வாசல் அழுக்கா தெரிஞ்சுது" என்றாள் மர்சலின், முகம் கொடுக்காமல். "உன்னோடதுதான் இந்தத் தெருவுக்கே கண்ணைப் பறிச்சுதே."

நோரா வீட்டுக்குத் திரும்பினாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாமனார் தொட்ட நிறத்தை ஒரே காலையில் தேய்த்துக் கழுவிவிட்டாளே என்ற ஆத்திரம் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே, அந்த மினுமினுப்பு எவ்வளவு அழகாக இருக்கிறது என்ற எண்ணமும் வந்தது.

மழைக்காலத்துக்குள் அவள் ஏற்றிய பழுப்பு, பிடிக்கிற இடத்தில் மட்டும் உரிந்து திட்டுத்திட்டாய் மஞ்சள் தெரிந்தது. கடற்காற்றில் மர்சலினுடையதோ சீராகக் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் மர்சலின் செங்கல் பொடியோடு வந்து நின்றாள்.

"கொடு, இதைத் தேய்ச்சு விட்டுடலாம். அப்புறம் ரெண்டு பேரும் கைவைக்க வேணாம். தானா கறுக்கட்டும்."

திட்டுகளை வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று நோராவுக்குப் பட்டது. ஆனாலும் கைப்பிடியையும் தாழ்ப்பாளையும் கழற்றி எடுத்து வந்தாள். கொல்லையில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் தேய்த்தார்கள். மர்சலின் தாழ்ப்பாளைத் தன்னைவிட நன்றாகத் தேய்ப்பதைப் பார்த்து, நோரா தன் கையிலிருந்த கைப்பிடியை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.