காமாலைக்காரனின் ஞாயிற்றுக்கிழமைகள்

கல்கத்தாவில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் எனக்கு லூச்சி பரிமாற மாட்டார்கள். பூஜை விருந்தானாலும் கல்யாண விருந்தானாலும் அந்த மைதாப் பூரி என் முறை வந்ததும் என்னைத் தாண்டிப் போய்விடும். பின்னாலேயே ஒரு பெண்மணி எனக்கென்று வேகவைத்த பப்பாளிக்காயைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைப்பார். ஈரலைப் பற்றி வங்காளிகளுக்கு இருக்கும் கவலை நம்மூரில் சொன்னால் நம்பமாட்டீர்கள். நாலு பேர் கூடினால் அரசியலுக்கு முன்பு ஈரலை விசாரிப்பார்கள். எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஈரல் கெட்டுப்போனது என்பது தெருவுக்கே தெரிந்த சேதி. எனக்குக் காமாலை வந்ததே இல்லை என்பதுதான் தெருவுக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடமாகப் பப்பாளிக்காய் தின்று அலுத்துவிட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலியிலிருந்து சுருக்கெழுத்து வேலைக்காக வந்து ஹவுராவில் இறங்கினேன். அப்போது இந்த ஊரில் இருபது வயதுக்காரன் என்றாலே போலீஸ் ஒரு மாதிரிப் பார்க்கும். சுவரெல்லாம் புரட்சிக் கோஷம். திடீரென்று தெருவின் இரண்டு முனையையும் அடைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடுவார்கள். நான் தங்கியிருந்த மெஸ்ஸுக்கு எதிர்வீட்டுப் பையனைச் சட்டைப்பையில் நாலைந்து பெயர் எழுதிய காகிதம் இருந்ததற்காக இழுத்துக்கொண்டு போனார்கள். “எதுலயும் பேரு எழுதிக் குடுத்துராதடே,” என்பதுதான் ஆபீசில் இருந்த ஊர்க்காரர் எனக்குச் சொன்ன முதல் புத்திமதி.

அந்தச் சமயத்தில்தான் தபன் கையில் ஒரு நீள நோட்டோடு மெஸ் வாசலில் வந்து நின்றான். தெருமுனைக் கிளப்பின் பையன், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவன். அந்நாளில் ஆஸ்பத்திரி வாசலில் ரத்தம் விற்கிறவர்கள் காத்துக்கிடப்பார்கள். வயிறு காய்ந்தவர்களின் ரத்தம் அது. இனி நம் தெருவில் யாருக்கு வேண்டுமானாலும் தெருவே கொடுக்கும் என்று அந்தப் பையன்கள் தீர்மானித்திருந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பெயரும் ரத்த வகையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நோட்டைப் பார்த்ததும் எனக்கு எதிர்வீட்டுப் பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான். காமாலை வந்தவர்களிடம் ரத்தம் எடுக்கமாட்டார்கள் என்று எங்கோ கேட்டிருந்தேன். எனக்குக் காமாலை வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். தபன் மிகவும் வருந்தினான். வருந்திவிட்டு, என் பெயரை எழுதி, பக்கத்தில் ‘ஜண்டிஸ்’ என்றும் எழுதிக்கொண்டான். மறுநாள் அவன் அம்மா முதல் பப்பாளிக்காயைக் கொடுத்தனுப்பினார்.

மூன்று வருடம் கழித்து, கல்யாணமாகி அதே தெருவில் குடியிருந்தபோது, என் மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. மூன்று பாட்டில் உடனே வேண்டும் என்றார்கள். எப்படியோ சேதி தெரிந்து, நான் தேடிப்போகும் முன்பே தபனும் நண்பர்கள் நாலு பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். டாக்டர் முதலில் என்னைத்தான் பார்த்தார். “கணவர்தானே நீங்க? வாங்க.” நான் வாயைத் திறக்கும் முன் தபன் குறுக்கே வந்து, “தாதா வேண்டாம் டாக்டர், அவருக்கு ஜண்டிஸ் வந்த உடம்பு,” என்று என்னை பெஞ்சில் உட்காரவைத்தான். தாதா என்றால் இங்கே அண்ணன். நான் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை போதும், சொல்லவில்லை. தபன் உட்பட, வகை பொருந்திய மூன்று பேர் கொடுத்தார்கள். மனைவியும் பிழைத்தாள், பெண்குழந்தையும் பிழைத்தது. நான் என்னை மனதுக்குள் திட்டிக்கொண்ட அளவு யாரும் என்னைத் திட்டியதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். “எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவங்ககிட்ட சொல்லுங்க,” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தபனிடம் சொல்ல முடியாததால் அவனோடு அலையத் தொடங்கினேன். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கிளப் பையன்களைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்ளும். தமிழில் எடுத்துச்சொல்ல ஆள் வேண்டும் என்று தபன் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை தோறும் மாடி மாடியாக ஏறினோம். முதல் நாளே ஒரு தஞ்சாவூர் மாமி என்னை நிற்கவைத்துக் கேட்டுவிட்டார்.

“எங்காத்துப் பிள்ளையைக் கேக்கறேளே, நீங்க குடுத்திருக்கேளா?”

தபன் பக்கத்தில்தான் சிரித்தமுகமாக நின்றான். அவனுக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. என்ன தைரியமோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “இல்லை மாமி. பயந்துகிட்டு காமாலைன்னு பொய் சொன்னேன். என் பெண்டாட்டிக்கு ரத்தம் வேணும்னப்போகூட அந்தப் பொய்யைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இதோ நிக்கறாரே, இவர்தான் குடுத்தார்.” மாமி தபனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மகனைக் கூப்பிட்டார்.

படியிறங்கும்போது தபனுக்குத் தலைகால் புரியவில்லை. “என்ன சொன்னீங்க தாதா? எல்லா வீட்டிலும் அதையே சொல்லுங்க.”

சொன்னேன். வருடக்கணக்காகச் சொன்னேன். நோட்டில் தமிழ்ப் பெயர்கள் கூடிக்கொண்டே போயின. பழைய பையன்கள் வேலை, கல்யாணம் என்று போய்ப் புதிய பையன்கள் வந்தார்கள். லேக் மார்க்கெட் மளிகைக்கடையில் நிற்கும் பிள்ளைகள்கூட ஆள் போதாத நாட்களில் தாங்களாகவே வந்து நின்றார்கள். முன்பின் தெரியாத தமிழர்களிடமெல்லாம் ஒப்புக்கொண்டதை, பக்கத்தில் நிற்பவனிடம் மட்டும் சொல்லவில்லை. வங்காளம் தெரியாமல் இல்லை. இலிஷ் மீனுக்கு மார்க்கெட்டில் சண்டை போடும் அளவுக்கு வரும். ஒவ்வொரு ஞாயிறும் வீடு திரும்பும்போது உடம்பைவிட மனதுதான் அதிகம் களைத்திருந்தது.

போன மாதம் என் மகள் மீனா தானும் வருவேன் என்று அடம்பிடித்தாள். எட்டு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் வங்காளத்தில் பதில் சொல்லுவாள். அப்பா என்பதுகூட அவளுக்குப் பாபாதான். இரண்டாவது மாடியில், புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஒரு வங்கிக்காரர் வீட்டில் என் வழக்கமான கதையைச் சொல்லி முடித்தபோதுதான், அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். அவள் காக்கு, அதாவது சித்தப்பா என்று கூப்பிடும் தபனும் கவனித்தான். குனிந்து அவளிடம் ஆசையாகக் கேட்டான். “உனக்குத்தான் ரெண்டும் தெரியுமே. இத்தனை வருஷமா உங்க பாபா என்னதான் சொல்றாரு?”

மீனா என்னை ஒருமுறை பார்த்தாள். “ரத்தம் குடுங்க, பயப்படாதீங்கன்னு சொல்றாரு காக்கு,” என்றாள் சுத்தமான வங்காளத்தில். ஒரு பிசிறு இல்லை. படியிறங்கும்போது என் கையை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். என் பொய்யை என் குழந்தை சுமந்துகொண்டு போவதைப் பின்னாலிருந்து பார்த்தபடி இறங்கினேன். அதற்குமேல் தாங்கவில்லை.

தெருவுக்கு வந்ததும் தபனை நிறுத்தி வங்காளத்தில் சொன்னேன். காமாலை வந்ததே இல்லை. போலீஸுக்குப் பயந்து சொன்னேன். ஆஸ்பத்திரியிலும் நான் நல்ல உடம்போடுதான் உட்கார்ந்திருந்தேன்.

அவன் நாங்கள் இறங்கிவந்த மாடியை நிமிர்ந்து பார்த்தான். “இதைத்தான் எல்லா வீட்டிலும் சொன்னீங்களா?”

“ஆமா.”

“ஆஸ்பத்திரியில அன்னைக்கு, நான் வேற ஒருத்தருக்குக் குடுத்து ஒரு மாசம்கூட ஆகலை. மூணு மாசமாவது விடணும். டாக்டர்கிட்ட ஆறு மாசம் ஆச்சுன்னு பொய் சொன்னேன்,” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவன்போல் சொன்னான்.

பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்தான். பழைய நோட்டிலிருந்து புதிய நோட்டுக்கு மாறி மாறி வந்திருந்த என் பெயரைத் தேடி, பக்கத்தில் இருந்த சொல்லை அடித்தான். பேனாவைப் பிடித்தபடி, “ரத்த வகை?” என்று கேட்டான்.

ஊரெல்லாம் ரத்தம் கேட்டு அலைந்திருக்கிறேன். என் ரத்தம் என்ன வகை என்று ஒருநாளும் பார்த்துக்கொண்டதில்லை.

“பாபாவுக்குத் தெரியாது,” என்று மீனாதான் வங்காளத்தில் சொன்னாள். தபன் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு நோட்டை மூடினான்.