நான் கொடுத்த கொரியா சாம்பிள்

போன வருஷம் தவக்காலத்தில், காரைக்கால் தருமபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. வீட்டுக்காரருக்கும் மகளுக்கும்கூடப் பாதிதான் தெரியும். எழுதினால் மனசு கொஞ்சம் அடங்குமா என்று பார்க்கிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவள். வீட்டுக்காரர் கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு வரும் லாரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலையில் இருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள், தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஈஸ்டர் கழித்து இரண்டாவது வாரம் அவளுக்குக் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம்; அதில் எங்களில் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் அந்த நாற்பது நாளும் சாமான் வாங்குவதிலேயே போனது.

மகள் செல்போனில் ஏதோ ஒரு ஆன்லைன் கடையில் பார்த்து, கொரியா நாட்டு முகப்பூச்சு சாம்பிள்கள் வரவழைத்திருந்தாள். ஒரு சனிக்கிழமை பார்சல் வந்தது. ஷாம்பு பாக்கெட் அளவில் இருபது பாக்கெட், ஒவ்வொரு தினுசிலும் இரண்டு. மேலே எழுதியிருந்தது எதுவும் எங்களுக்கு விளங்கவில்லை. ஒன்றை மோந்து பார்த்துவிட்டு, இது முகத்துக்கா எறும்புக்கா என்று கேட்டேன். அவள் ஒரு வெள்ளிக் கலர் பாக்கெட்டைத் தனியாக எடுத்துக் காட்டினாள். "இதாம்மா முக்கியம். முகம் கண்ணாடி மாதிரி ஆயிடுமாம்" என்றாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு க்ரீம் போட்டு அவள் முகம் வீங்கி, பத்து நாள் வெளியே தலைகாட்டவில்லை. இப்போது கல்யாணப் பெண். ரெண்டு மூணு நாள் எதையும் தொடாதே, அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்தேன். அதற்குள் என்ன செய்யப் போகிறேன் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக எது வந்தாலும் முதல் பங்கு வெளியே போகும். புது அரிசி வந்தால் முதல் படி அந்தோணியார் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. பலகாரம் சுட்டால் முதல் தட்டு பக்கத்து வீட்டுக்கு. கிறிஸ்துமஸ் கேக்கில் முதல் துண்டு எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் விடாமல் செய்வது இது. இதனாலேயே தெருவில் எனக்கு நல்ல பெயர்.

வேலை செய்யும் பெண் என்றேனே, அவள் கோட்டுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். எங்கள் வீட்டையும் சேர்த்து மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துக் கொடுப்பாள். ஆறு வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தவள். பார்சல் வந்ததற்கு அடுத்த செவ்வாயோடு நின்றுகொள்வதாகச் சொல்லியிருந்தாள். டவுனில் புதிதாகத் திறந்த ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்க அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. புதன்கிழமை வந்து சேர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஈரத்தில் நின்று நின்று அவள் கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து கிடக்கும். இனிமேல் செருப்புப் போட்டு, ஃபேன் காற்றில் நிற்கப் போகிறேன் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை மகள் பள்ளிக்கூடம் போனதும், அந்த வெள்ளிப் பாக்கெட்டில் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தேன். புதுக் கடைக்குப் போகிறாயே, முகம் பளிச்சென்று இருக்க வேண்டாமா என்றேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கொரியாக்காரியா மாறிட்டேன்னா எங்க வீட்டுக்காரரு யாரோ எவரோன்னு கதவத் தொறக்க மாட்டாருக்கா" என்று சிரித்தாள்.

கடைக்குப் போகிற அன்றைக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று முந்தானையில் முடியப் போனாள். நான் விடவில்லை. புதன்கிழமை போட்டால் எனக்கு எப்போது தெரிவது? இன்றைக்கே போட்டால்தான் புதன்கிழமை பளபளப்புத் தெரியும் என்று நானாகவே ஒன்றைச் சொல்லி, கொல்லைக் குழாயடியில் முகம் கழுவச் சொன்னேன். கடலைமாவும் மஞ்சளும் பூசுகிற மாதிரி கனமாகப் பூசச் சொன்னேன். ஊறினால்தான் பிடிக்கும், வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள் என்றேன். லேசாக எரிகிறது என்றாள். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றேன். என்ன படித்தேன், எங்கே படித்தேன் என்று அப்படிச் சொன்னேனோ. அவள் அந்த முகத்தோடு மற்ற இரண்டு வீட்டுக்கும் நடந்துபோய் வேலை முடித்து, உச்சி வெயிலில் நின்று பஸ் ஏறிப் போனாள்.

அன்று சாயங்காலம் மகள் செல்போனை அந்த இன்னொரு வெள்ளிப் பாக்கெட்டின்மேல் காட்டினாள். எழுத்து இங்கிலீஷில் மாறி வந்தது. அதை எனக்குத் தமிழில் சொன்னாள். பழைய தோலை உரித்தெடுக்கிற மருந்தாம். பத்து நிமிஷத்துக்குள் கழுவிவிட வேண்டுமாம். ராத்திரியில் மட்டும்தான் போட வேண்டுமாம், வெயிலில் போகவே கூடாதாம். "நல்லவேளை படிச்சேன். இன்னொண்ணு எங்கம்மா?" என்று கேட்டாள். பெட்டிக்குள்ளேயே கிடக்கும், நன்றாகப் பார் என்றேன்.

அப்போதே வேலைக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டிருக்கலாம். போட்டால் மகள் முன்னால் நான் என்ன செய்தேன் என்பது வெளியே வந்துவிடும். இந்நேரம் கழுவியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு செபமாலை சொல்ல உட்கார்ந்தேன். மணி உருட்டினேன், மனசு கோட்டுச்சேரியில் இருந்தது.

மறுநாள் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். விலக்கிக் காட்டினாள். இரண்டு கன்னமும் கொதிக்கிற எண்ணெய் தெறித்த மாதிரி சிவந்து தோல் சுருங்கியிருந்தது. ஒரு கண் பாதிதான் திறந்தது. மூக்கோரத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது.

இங்கேதான் என் பாவம். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாயில் "மாதாவே, தாயே" என்று வந்தது. அவள் அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டாள். எனக்கு ஒண்ணும் இல்லக்கா, நீங்க அழாதீங்க என்று என்னைத் தேற்றினாள். நான் மாதாவைக் கூப்பிட்டது நன்றி சொல்ல. என் பிள்ளை அதைப் போடவில்லை என்று நன்றி சொன்னேன். எதிரே ஒருத்தி வெந்த முகத்தோடு நிற்கிறாள், என் நெஞ்சு குளிர்ந்துபோனது. அது ஒரு நொடிதான் என்றாலும் நான் அறிவேன், ஆண்டவர் அறிவார்.

அரசு ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துப் போனேன். கண்ணுக்கு ஆபத்தில்லை, ஆனால் கறுப்பு மறைய மாதக்கணக்கில் ஆகும், வெயில் படக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மூன்று வீட்டுக்கு நடந்து வேலை செய்கிறவள் வெயில் படாமல் எங்கே போவாள்?

புதன்கிழமை அவள் ஜவுளிக்கடைக்குப் போனாள். முகம் சரியானதும் வா, பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்துப் போனபோது அந்த இடத்தில் வேறு பெண் நின்றிருந்தாளாம். மறுபடி எங்கள் வீட்டுக் குழாயடிக்கே வந்தாள். எனக்குப் பழகிய வேலைக்காரி கையைவிட்டுப் போகவில்லை. அவள் குனிந்து பாத்திரம் தேய்க்கும்போது, தேன் காய்ந்த மாதிரி திட்டுத் திட்டாகக் கறுத்திருந்த கன்னத்தை நான் தினமும் பார்த்தேன்.

மகளிடமும் வீட்டுக்காரரிடமும், அவளும் ஆசைப்பட்டாள், முதல் பங்குதானே என்று கொடுத்தேன், இப்படியாகிவிட்டது என்றேன். இருவரும் நம்பினார்கள். "நல்லது செய்யப் போயி இப்புடி ஆயிருச்சே" என்று வீட்டுக்காரர் எனக்காக வருத்தப்பட்டார். அதைக் கேட்டபோது பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்கு முன்னால், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அங்கேயும் கவனக்குறைவாக ஒரு பொருளைக் கொடுத்து ஒருத்திக்குக் கஷ்டம் வந்துவிட்டது என்றுதான் சொன்னேன். சாமியார் ஆறுதல் சொல்லி, அபராதமாக மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். முழந்தாளிட்டேன். முதல் மரியேயிலேயே நாக்கு நின்றுவிட்டது. யாரை ஏமாற்றுகிறேன் என்று கேள்வி வந்தது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவளிடம் சொன்னேன். அவள் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் போடுவதற்கு முன்னால் உனக்குப் போட்டுப் பார்த்தேன், அதற்காகத்தான் அவசரப்படுத்தினேன், அன்று சாயங்காலமே விஷயம் தெரிந்தும் போன் பண்ணவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவள் கை நிற்கவில்லை. கல்லைக் கழுவிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கேட்டிருந்தா நானே போட்டுப் பாத்திருப்பேன்க்கா. பாப்பாவ நானும்தான் ஆறு வருசமா பாக்குறேன். கேக்காம, ஏதோ குடுக்குற மாதிரி குடுத்தீங்க பாருங்க. அதான் தாங்கல."

நான் கையைக் கூப்பினேன். "கைய எறக்குங்க. யாராச்சும் பாத்தா என்னைய என்ன நெனப்பாங்க?" என்றாள். மீதிப் பாத்திரத்தையும் தேய்த்துவிட்டுத்தான் போனாள்.

அந்த மாதம் முடியும்வரை வந்தாள். நான் டீ போட்டுக் கொடுத்தால் இப்போதுதான் குடித்தேன் என்பாள். ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை, ஒரு வார்த்தை கூடுதலாகவும் பேசவில்லை. மாதக் கடைசியில், வேறு பக்கம் வேலைக்கு வீடு கிடைத்திருக்கிறது என்று சொல்லி நின்றுகொண்டாள். கல்யாணத்துக்கு வீடு தேடிப் போய் அழைத்தோம், வரவில்லை. கல்யாணத்தன்று எல்லாரும் மகள் முகத்தைப் பார்த்து மாதா சுரூபம் மாதிரி இருக்கிறாள் என்றார்கள். என்னால் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நல்ல பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டேன். மன்னிப்பு உண்டு என்று நம்புகிறேன். ஆனாலும் இப்போது யாருக்காவது ஒன்றைக் கொடுக்கக் கை நீளும்போதெல்லாம், இதை என் பிள்ளைக்கு முதலில் கொடுப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். சில நாள் நீட்டிய கையை இழுத்துக்கொள்கிறேன்.