நான்காவது கட்டடத்தின் அறுபது படிவங்கள்

வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். அதில் முப்பத்தேழு பேருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. மீதி ஒருத்திக்கு முப்பத்தாறு. முதல் தேர்வில் வகுப்பின் சராசரி மதிப்பெண் ஐம்பத்து நான்கு என்று பலகையில் எழுதினார்கள். அவள் வாங்கியிருந்ததும் புள்ளி பிசகாமல் ஐம்பத்து நான்கு. அன்று சாயங்காலத்துக்குள் அவளுக்கு 'சராசரி அக்கா' என்று பெயர் வைத்தாகிவிட்டது. அவளுக்குக் கோபம் வரவில்லை. ஆஸ்பத்திரியின் பதிவுக் கவுன்ட்டரில் பன்னிரண்டு வருடமாக "ஹலோ", "இந்தாம்மா", "அங்க யாரு இருக்கா" என்று மட்டுமே அழைக்கப்பட்டவளுக்கு, தனக்கென்று ஒரு பெயர் கிடைத்ததே பெரிய விஷயம்.

அவள் படிக்க வந்ததும் அந்தக் கவுன்ட்டரால்தான். பெயர், வயது, என்ன உபாதை என்று கேட்டு எழுதுவது வேலை. எழுத எழுத ஒன்று கண்ணில் பட்டது. வருகிறவர்களில் நாற்பது வயதுக்காரர்கள் ஏராளம், ஐம்பதும் அறுபதும் அப்படியே. நாற்பத்தொன்று என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். "நாப்பது முடிஞ்சதும் எல்லாரும் நேரா நாப்பத்தஞ்சுக்குத் தாவிடறாங்க போல," என்று பக்கத்துக் கவுன்ட்டரில் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் அது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. இதைப் படிப்பதற்கென்றே ஒரு பாடம் உண்டு என்று தெரிந்ததும் பல்கலைக்கழகத்துக்கே போய் விசாரித்தாள். அறிவியல் கட்டடத்தில், பள்ளியில் இயற்பியல் படிக்கவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதிரே இருந்த கலைக் கட்டடத்தின் குமாஸ்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "புள்ளியியல் இங்கயும் இருக்கும்மா. கூடவே பொருளாதாரம், வரலாறு படிக்கணும். சம்மதமா?" என்றார்.

வீட்டில் மாமியாருக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை.

"கணக்குங்கற. அப்புறம் கலைங்கற. ரெண்டுல எதும்மா?"

"கணக்குதான் அத்தை. கலைப் பட்டம் குடுப்பாங்க."

"அப்ப பாட்டு, டான்ஸ் எதுவும் கெடையாதா?"

"கெடையாது."

"அதுவும் நல்லதுதான். இந்த வீட்டுல இடம் பத்தாது," என்றாள் மாமியார்.

காலை ஆறு மணியிலிருந்து ஒரு மணிவரை கவுன்ட்டர். இரண்டிலிருந்து ஆறுவரை வகுப்பு. அப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது. கடைசியில் மிஞ்சியது ஆய்வேடு ஒன்றுதான். அதில்தான் வந்தது வினை.

ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவில் புள்ளிவிவரம் பார்க்கிறவர் அந்தக் கோடையில் ஓய்வு பெறுவதாக இருந்தது. "பட்டம் கையில வந்துட்டா அந்த நாற்காலி உங்களுக்குத்தான். வரலன்னா வெளியில இருந்து ஆள் எடுத்துடுவாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்று கண்காணிப்பாளர் பளிச்சென்று சொல்லிவிட்டார். ஆய்வேடு கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. தவறினால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது லிஃப்ட். காரணம் வீட்டிலேயே இருந்தது. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரே வளாகத்தில் பதினைந்து மாடிகளோடு நிற்கும் நான்கு கட்டடங்களின் லிஃப்டுகளும் அவன் பொறுப்பு. கட்டடத்துக்கு நூற்றிருபது வீடு. அதில் பாதியைச் சமவாய்ப்பு எண் அட்டவணையை வைத்து, குலுக்கல் சீட்டு எடுப்பதுபோலப் பொறுக்கினாள். பொறுக்கிய அறுபது வீட்டிலும் போய், இன்று காலை லிஃப்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், வாரத்தில் எத்தனை முறை படியேறுகிறீர்கள், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்க வேண்டும். முதல் மூன்று கட்டடங்களை அவளே ஏறி இறங்கி முடித்தாள். நான்காவதின் முறை வந்தபோது கவுன்ட்டரில் ஒருத்தி லீவு போட, இவளுக்கு இரட்டை வேலை விழுந்தது.

"குடு இங்க. நான் தெனமும் போற கட்டடம்தானே," என்று கணவன் அறுபது படிவங்களையும் வாங்கிக்கொண்டான். மூன்றே நாளில் எல்லாவற்றையும் நிரப்பிக் கொண்டுவந்தான். அவன்போல உண்டா என்று அவள் அன்றைக்கு மாமியாரிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் படிவங்களைப் பரப்பிக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தாள். முதல் மூன்று கட்டடங்களில் ஜனங்கள் ஜனங்களைப் போலவே பதில் சொல்லியிருந்தார்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இரண்டு நிமிடம், மறுபடி பத்து. நான்காவதில் முதல் தாள் முப்பத்தெட்டு விநாடி என்றது. அடுத்தது நாற்பத்தொன்று. அதற்கடுத்தது ஒரு நிமிடம் ஏழு விநாடி. அறுபது தாளிலும் ஒரு பத்து நிமிடம்கூட இல்லை. படியேறுவது எத்தனை முறை என்ற இடத்தில் அறுபது பூஜ்யங்கள். பக்கத்தைத் திருப்பினாள். வேறு கருத்து என்ற கட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருந்தார்: லிஃப்ட் நல்ல நிலையில் உள்ளது.

கணவன் ஜன்னலோரம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏங்க, இதெல்லாம் யாருகிட்ட கேட்டீங்க?"

அவன் பிரஷ்ஷை நிறுத்தினான். "லிஃப்ட்கிட்ட."

"என்னது?"

"மொதல்ல வீட்டுலதான் கேட்டேன். பத்து வீடு ஏறினேன். பத்து வீட்டுலயும் பத்து நிமிஷங்கறாங்க. பத்து நிமிஷத்துல என் லிஃப்ட் அஞ்சு தரம் உச்சிக்குப் போய்ட்டு வந்துடும்! வாய் கூசாம பொய் சொல்றாங்க. நீ பாவம், பொய்யெல்லாம் எழுதிக் குடுத்து மாட்டிக்குவேன்னு அத கிழிச்சுப் போட்டுட்டு, புதுசா பத்து நகல் எடுத்து, ஸ்டாப்வாட்ச்சும் கையுமா போனேன். உன் லிஸ்டுல இருக்கற ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு, பட்டன அமுக்கி, கதவு தொறக்கற வரைக்கும் அளந்தேன். ரெண்டு காலை. ஏழரைல இருந்து ஒம்பது. ஒரு விநாடி தப்பு இருந்தா என் பேர மாத்திக்கறேன்."

"படியேறாதது?"

"லிஃப்ட் இருக்கறப்ப எவன் ஏறுவான்?"

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேலை மெனக்கெட்டு, கால் கடுக்க நின்று, ஒரு பொய்யும் எழுதாமல் அறுபது பொய்ப் படிவங்களை உண்டாக்கிக்கொண்டு வந்திருக்கிறான்!

"இதுல என்ன தப்பு? அவன் அளந்தது நெசந்தானே. அப்படியே குடுத்துடு. யாரு போய்ப் பாக்கப் போறா?" என்றாள் மாமியார்.

யாரும் பார்க்கப்போவதில்லை. விநாடிகளை நிமிடமாக்கி, கருத்தையெல்லாம் காலியாக விட்டால் போதும். வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். அந்த நாற்காலி கண்முன்னே வந்து நின்றது. கூடவே, நாளைக்கு அதில் உட்கார்ந்து யாரோ உத்தேசமாக எழுதித் தரும் தாள்களைக் கூட்டிக்கொண்டிருக்கப்போகிற தானும் வந்து நின்றாள். கணினியை மூடினாள்.

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு, ஆய்வேட்டுக்கு வழிகாட்டும் பேராசிரியையின் அறையில் படிவங்களை வைத்து நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மாள் அதிகம் பேசாதவர். பென்சில் சீவிக்கொண்டே கேட்டவர், 'லிஃப்ட்கிட்ட' என்ற இடம் வந்ததும் சீவுவதை விட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"அறுபதும் செல்லாது. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆபீஸ மூடிடுவாங்க. ஒரு நாள்கூட என்னால நீட்டிக்க முடியாது. திரும்பப் போய்க் கேளுங்க. எத்தன கெடைக்குதோ அத்தன. கொறஞ்சா ஏன் கொறஞ்சதுன்னு எழுதுங்க. அது சரிப்படுமான்னு வெளியில இருந்து வர்ற தேர்வாளர்தான் சொல்லணும், நான் உத்தரவாதம் தர முடியாது." வாசல்வரை போனவளை மறுபடி கூப்பிட்டார். "அவரு அளந்தத தூக்கிப் போட்டுடாதீங்க. இணைப்பா வைங்க."

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் வகுப்பு முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் நான்காவது கட்டடத்தின் வாசலில் நின்றார்கள். அவள் கேட்க, அவன் எழுத வேண்டும். "சொன்னத எழுதணும். வாயத் தொறக்கக் கூடாது. மூஞ்சியும் சுளிக்கக் கூடாது," என்று ஏற்பாடு.

ஒன்பதாவது மாடியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். "எவ்வளவு நேரமா? இருபது நிமிஷம்!" என்றார். கணவனின் பேனா அந்தரத்தில் நின்றது. காது மடல் சிவந்தது. அவள் தொண்டையைச் செருமினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருபது என்று எழுதினான்.

பன்னிரண்டாவது மாடியில் இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக இரட்டைக் குழந்தைகளோடு ஒருத்தி கதவைத் திறந்தாள். "காத்திருக்கறதா? அந்த ஒரு நிமிஷந்தாங்க நாள் பூரா எனக்குக் கெடைக்கற ஓய்வு. இன்னும் கொஞ்சம் மெதுவா வரச்சொல்ல முடியுமா?"

ஒரு வீடு பூட்டியிருந்தது. "எதிர்வீட்டுல லைட் எரியுதே, அவங்கள கேட்டுடலாமா?" என்றான்.

"கூடாது."

"அதே மாடி. அதே லிஃப்ட்."

"லிஸ்டுல இல்ல."

"உன்கிட்ட லஞ்சம் குடுத்துகூட ஒண்ணும் நடக்காது போல," என்று முணுமுணுத்துக்கொண்டு படியிறங்கினான். ஆமாம், படிதான். அன்றைக்கு லிஃப்டில் கூட்டம்.

புதன்கிழமை ஆறாவது மாடியில் ஒரு தையல்காரர் அவனை அடையாளம் கண்டுகொண்டார். "அட, மெக்கானிக் சாரா! வாங்க வாங்க. உங்க லிஃப்ட் வருதா, நடுவுல தூங்குதா, செத்தே போச்சான்னு எங்களுக்கு எப்படி சார் தெரியும்? மேல நம்பர் காட்டற வெளக்கு எரிஞ்சு எத்தன மாசம் ஆச்சு?"

வெளியே வந்ததும் கணவன் லிஃப்ட் கதவுக்கு மேலே செத்துக்கிடந்த எண்விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கீழிருந்து மேலாக ஒவ்வொரு மாடியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பதினொரு மாடிகளில் எரியவில்லை.

"ஓட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதனால நான் அத கவனிக்கறதே இல்ல," என்றான். குரல் இறங்கியிருந்தது. "பல்பு பையிலயே இருக்கு. பத்து நிமிஷ வேலை. இப்பவே மாட்டிடறேன்."

"ஐயோ, கைய வைக்காதீங்க!" அவள் கத்திய கத்தலில் ஒரு வீட்டுக் கதவு திறந்து மூடியது. "பாதிப் பேரக் கேட்டாச்சு. இப்ப வெளக்கு எரிஞ்சா மீதிப் பேரோட பதில் மாறிடும். நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் அந்தப் பைய என்கிட்ட குடுங்க."

"பழுதுன்னு தெரிஞ்சும் சும்மா இருக்கணுமா? என் தொழிலுக்கே ஆகாது."

"ஒரே ஒரு நாள்."

பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். வியாழன் எட்டு மணிக்குக் கடைசி வீட்டை முடித்துத் தரைத்தளத்துக்கு வந்தபோது, பையைத் திருப்பிக் கொடு என்று அவன் கை நீட்டிக்கொண்டு நின்றான்.

அறுபதில் ஐம்பத்தேழு வீடு கிடைத்தது. மூன்று வீடு மூன்று நாளும் பூட்டு. ஐம்பத்தேழு என்றே எழுதினாள். இணைப்பில் இரண்டு பத்திகள்: ஜனங்கள் சொன்னது, ஸ்டாப்வாட்ச் சொன்னது. விளக்கு எரிந்த நான்கு மாடிகளில் ஜனங்கள் சொன்ன நேரம் மற்ற மாடிக்காரர்கள் சொன்னதில் பாதிகூட இல்லை. நான்கு மாடிகளை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்றும் கீழே எழுதினாள். வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு அலுவலகத்தில் முத்திரை விழுந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த தேர்வாளர் முதல் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டார்.

"இருநூத்து நாப்பது வேணும். மூணு கொறையுதே?"

"மூணு வீடு பூட்டியிருந்தது சார்."

"மூணு தாள்தானே. நீங்களே எழுதிச் சேத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"அறுபது தாள் அப்படி இருந்தது சார். அதத்தான் எடுத்துட்டேன்," என்றாள்.

அவர் பேராசிரியையைப் பார்த்தார். பேராசிரியை இணைப்பைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார். அதன் பிறகு அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் லிஃப்டைப் பற்றியவை. போகும்போது, தன் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டைக் கொஞ்சம் பார்க்க அந்த மெக்கானிக் வருவாரா என்றும் விசாரித்தார்.

அவள் தேறினாள். முதல் வகுப்புக்கு நான்கு மதிப்பெண் குறைவு. கண்காணிப்பாளருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. பட்டத்தின் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு ஆவணப் பிரிவின் சாவியைக் கொடுத்தார்.

முதல் நாள் காலை நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. மேலே ஏதோ கூட்டம்.

"போன மாசம் வெளிநோயாளிங்க எத்தன பேரு? சும்மா ரவுண்டா ஒரு நம்பர் சொல்லும்மா. முன்ன இருந்தவரு டக்குனு சொல்லிடுவாரு."

"அரை மணி நேரம் குடுங்க சார்," என்றாள் அவள். "எண்ணிட்டுச் சொல்றேன்."

பதிவேட்டை எடுத்து, ஒன்றாம் தேதியின் பக்கத்தைத் திறந்தாள்.