பாலிசி வாங்காத பதினோரு கணினிகள்

கோபம் வந்தால், மலையாள நாட்டுத் தமிழர்கள் நாங்கள் இருக்கும் ஸ்ரீவராகம் தெருவில் "ஜிவ்வுன்னு ஏறித்து" என்பார்கள். எது ஏறியது, எங்கே ஏறியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு ஏறியது ஒரு புதன்கிழமை மத்தியானம், கழக்கூட்டத்து அலுவலகத்தில், மேனேஜரின் ஏ.சி. அறையில்.

மருத்துவமனைப் படிவங்களைக் கணினியில் ஏற்றிக்கொடுக்கும் அலுவலகம் அது. நாற்பது கணினிகள், ஒரு சர்வர், அவற்றைப் பார்த்துக்கொள்ள நான் ஒருவன். நான் எந்த வகுப்பிலும் உட்கார்ந்து கணினி படித்ததில்லை. கழற்றி, கெடுத்து, திரும்ப மாட்டிக் கற்றுக்கொண்டவன். அந்த வருஷம் ஒரு வைரஸ் வந்து பாதி அலுவலகத்தைப் படுக்கவைத்துவிட்டுப் போயிருந்தது. பென் டிரைவ் செருகக் கூடாது, பத்து நிமிஷம் சும்மா இருந்தால் திரை தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று தலைமை அலுவலகம் விதி போட்டது. இந்த விதிகளைச் சர்வரில் ஒரு தடவை எழுதிவைத்தால் போதும், எல்லாக் கணினிகளும் தாமாக வாங்கிக்கொள்ளும். பாலிசி என்று பெயர். எழுதினேன். இருபத்தொன்பது கணினிகள் வாங்கிக்கொண்டன. பதினொன்று வாங்கவில்லை.

திங்கட்கிழமை தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள். மேனேஜர் பதினோரு எண்களையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே ஆட்களின் பெயரையும் எழுதிவைத்திருந்தார்.

"எடோ, இது பதினொண்ணும் தன்டெ பாண்டிகளுடெ மெஷினாணல்லோ!" என்றார்.

பதினொன்றும் உன் பாண்டிகளின் மெஷின்தானே என்கிறார். உண்மைதான். பதினொருவரும் குழித்துறை, இரணியல், நாகர்கோவில் பக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிற தமிழர்கள். "அவர்கள்தான் எதையோ நோண்டியிருக்கிறார்கள்" என்று மலையாளத்தில் தொடர்ந்தவர், மேஜையில் இருந்த ஒரு ஃபைலைத் தட்டினார். குழித்துறைக்காரப் பெண் ஒருத்தியின் ஃபைல். இரண்டு வருஷம் தற்காலிகமாக வேலை பார்த்து, அந்த மாதம்தான் நிரந்தரமாக வேண்டியவள். "இவளுடைய மெஷின்தான் முதல் எண். நோண்டியது யாரென்று வெள்ளிக்கிழமைக்குள் நீ சொல்லவில்லை என்றால், இவள் பெயரை எழுதி ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவேன்."

பாண்டி! தமிழனை இளக்காரமாகச் சொல்கிற சொல். அகஸ்தியர் காலத்திலிருந்து பக்கத்து வீட்டில் இருக்கிறவனைக் கூப்பிடுகிற வார்த்தையா அது? நானும் தமிழன்தான், கோயில் பக்கத்து அக்கிரகாரத்தான் என்பதால் எனக்கு மட்டும் விலக்கு போலிருக்கிறது. அந்த விலக்கை வாயில் போட்டுக்கொண்டு, "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இரண்டு நாள் அந்தப் பதினோரு கணினிகளோடு மல்லுக்கட்டினேன். கேபிளை மாற்றினேன். முகவரிகளைச் சரிபார்த்தேன். பாலிசியை இழுக்கும் கட்டளையை அடித்து அடித்து விரல் நொந்தது. 'அனுமதி இல்லை' என்று திரை சொன்னதும், அனுமதிகளை எல்லாம் பிரித்துப்போட்டு அடுக்கினேன். அதற்குள் மேனேஜர் வந்து, ஹாலின் நடுவில் நின்று, அந்தப் பெண்ணைக் "கள்ளி", அதாவது திருடி, என்று கத்திவிட்டுப் போனார். அவள் எழுந்து நின்று, "நான் ஒண்ணும் தொடேல்ல சார்" என்று மட்டும் சொன்னாள். நான் மேஜைக்கு அடியில் கேபிளோடு இருந்தேன். வெளியே வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுடைய கணினியில் வந்த பிழையையும், அதே நேரம் சர்வரில் வந்த பிழையையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தேன். சர்வரில் இரண்டு பன்னிரண்டு. அவளுடையதில் இரண்டு இருபத்திரண்டு.

"இந்த க்ளாக் ஏம்மா பத்து நிமிஷம் முன்னாடி ஓடறது?"

"அது நாங்க கூட்டி வச்சதுல்லா அண்ணே. வீட்டுல ஹால் க்ளாக்கெ கூட்டி வைக்க மாட்டாவளா, அது மாதிரி. அஞ்சுன்னு பாத்து பேக்கெ எடுத்தாத்தான் அஞ்சு மணி பஸ்ஸெப் பிடிச்சு தம்பானூரு ஸ்டேஷன்ல வண்டியில ஏற முடியும். வண்டி போச்சுன்னா எனக்க பிள்ள பசியோட உறங்கிரும்."

"பதினொண்ணுலயுமா?"

"ரயிலுக்காரிய எல்லாருக்கும்தான்."

"ஆனா இது தானே சரிபண்ணிக்குமே. சர்வர் நேரத்துக்குத் தானே வந்துடுமே."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆமா, கூட்டி வச்சது பின்னால பின்னால போச்சு. ஒங்ககிட்டதான் வந்து பறஞ்சோம். நீங்கதானே அண்ணே போன வருஷம் என்னத்தையோ நிறுத்தித் தந்திய? மறந்துட்டியளா?"

மறந்துதான் போயிருந்தேன். நேரத்தைச் சரிசெய்கிற அந்தச் சேவையைப் பதினொன்றிலும் நிறுத்தியவன் நான். "அண்ணே, அண்ணே" என்று கேட்டார்கள், போகிறபோக்கில் ஐந்து நிமிஷ உபகாரமாகச் செய்துவிட்டேன். நேரம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் தப்பினால் சர்வர் அந்தக் கணினியை நம்பாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பழைய பழக்கத்தில் வேலைசெய்ய விடுமே தவிர, பாலிசியைக் கொடுக்காது. மேனேஜர்மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பி என்மேல் விழுந்தது.

சேவையை ஓடவிட்டேன். நாலு மணிக்குள் நாற்பதும் பாலிசி வாங்கிவிட்டன. பிறகு அறிக்கை எழுதினேன்: நேரச் சேவையை நிறுத்தியது நான், யாரும் எதையும் நோண்டவில்லை.

மேனேஜர் படித்துவிட்டுச் சிரித்தார். "தனிக்கு எந்தா, வட்டாணோ? பைத்தியமா பிடிச்சிருக்கு? அவங்க கேட்டதனாலே நிறுத்தினேன்னு எழுது. உனக்கு ஒண்ணும் வராது."

"அவங்க கேட்டது நேரத்தை, சார். நிறுத்தினது என் கை. பின்னே ஒண்ணு. பாண்டின்னு இனி சொல்லணும்னா என்னைச் சொல்லுங்கோ, பன்னிரண்டாவது நான்." என் குரல் ஹால்வரைக்கும் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

எனக்கு மெமோ வந்தது. அவளுக்கு அடுத்த வாரம் நிரந்தர உத்தரவு வந்தது. அன்று சாயங்காலம் என் மேஜைக்கு வந்தாள். உத்தரவைக் காட்டத்தான் வருகிறாள் என்று நினைத்து நான் பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்தேன்.

"அன்னைக்கு என்னெக் கள்ளின்னு பறஞ்சப்பம் நீங்க மேசைக்க அடியிலயே இருந்திய, இல்லியா அண்ணே?" என்றாள். "வயரெத்தான் பாத்திய. உள்ளத அப்பமே பறஞ்சிருக்கலாம்."

"அப்போ எனக்கே தெரியாதும்மா."

"க்ளாக்கு தெரியாது. செரி. நான் கள்ளி இல்லேன்னாவது தெரியும்லா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை, மணி ஐந்தாகிக்கொண்டிருந்தது, சரியான ஐந்து, பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருந்தது.