நீருக்கு மேல் ஒரு மூக்கு

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐக்கிய அரபு அமீரகத்தில், ராஸ் அல் கைமாவின் பாலைப் பகுதியில் ஒரு தனியார் தோட்டத்தில் மேற்பார்வையாளனாகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மணலுக்கு நடுவே குளம் வெட்டி, நாணல் வளர்த்து, ஆப்பிரிக்கச் சதுப்பு நிலம் ஒன்றை அங்கே உருவாக்கியிருந்தார்கள். மகுடக் கொக்குகளும் பூநாரைகளும் உலவும் அவ்விடத்தில் சதுப்பு மான்கள் மூன்று இருந்தன.

ஒரு காலை எண்ணியபோது இரண்டே நின்றன. அடைப்பின் கதவும் தாழிடப்படவில்லை. தீவன வண்டியைக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டைப் பக்கத்துத் தொழிலாளி. தங்கையின் திருமணத்திற்காக மறுவாரம் ஊர் செல்லவிருந்தவர்.

"கேட்டைத் தொறந்து போட்டுட்டு என்னய்யா டூட்டி பாத்த?" என்று எல்லார் முன்னிலையிலும் கத்தினேன்.

"கேட்டு என் தப்புதாண்ணே. ஆனா வெளிய மணல்ல ஒரு தடம்கூட இல்ல. உள்ளதான் இருக்கு. சத்தம் கேட்டா தண்ணிக்குள்ள முங்கிரும்."

"முங்குறதுக்கு மான் என்ன மீனா?"

ஆட்கள் சிரித்தார்கள். அவர்களைக் கொண்டு தகரத்தைத் தட்டி நாணலை அலசச் செய்தேன். பறவைகள் கலைந்து எழுந்தன, மான் அகப்படவில்லை. அது கிடைக்கும்வரை அவருடைய விடுப்பை நிறுத்திவைக்குமாறு அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பி, அதை அவரிடமும் சொன்னேன். அவர் கரையில் போய்க் குந்தினார்.

வெயில் ஏறியதும் ஆட்கள் "கலாஸ், மாஃபி மான்" என்று, ‘முடிந்தது, மான் இல்லை’ என அரபு கலந்து சொல்லிவிட்டு நிழலுக்கு ஒதுங்கினார்கள். அரைமணி நேரம் ஓசையே இல்லை. கொக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி இறங்கின. அப்போது அவர் கையசைத்து என்னை அழைத்தார். அவர் சுட்டிய இடத்தில், அல்லி இலைகளுக்கிடையே ஈரமாய் ஒரு கரிய மூக்கு. அதன் பின்னே இரு கண்கள். உடல் முழுவதும் நீருக்குள். நாங்கள் தட்டிய தகரம்தான் அதை அவ்வளவு நேரம் அமிழ்த்தி வைத்திருக்கிறது. மெல்ல எழுந்து, உடலை உதறிக்கொண்டு, மற்ற இரண்டோடு சேர்ந்தது.

"அது எங்கண்ணே ஓடும்? நம்மளது மாதிரியே அதோட பாஸ்போர்ட்டும் கஃபீல் மொதலாளிகிட்டதான இருக்கு" என்றார், சிரிக்காமல்.

விடுப்பை நிறுத்த வேண்டாம் என்று அங்கேயே நின்று அலுவலகத்துக்கு மறுசெய்தி அனுப்பினேன். சிரித்த அதே ஆட்களைக் கூட்டி வைத்து அவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். மொதல்ல லீவ் பேப்பர்ல கையெழுத்துப் போடுங்கண்ணே."

குறித்த நாளில் அவர் ஊர் சென்றார். இன்றும் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால், குரலை உயர்த்துமுன் கரையில் சிறிது நேரம் அமர்ந்துவிடுகிறேன். நான் தேடுவதை என் கூச்சலே மறைத்துக்கொண்டிருக்கலாம்.