அவர் உட்கார்ந்த அளவு

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருடம் தள்ளிப் போட்டுவிட்டேன். நோட்டைத் திறப்பேன், ஐயனாரை நினைப்பேன், மூடி வைத்துவிடுவேன். நான் பத்தாவதோடு நின்றவன். குளத்தூர் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். எழுத்து எனக்கு வராது என்பது ஒரு காரணம். பயம் இன்னொன்று. பெரிய காரணம், இதில் வருகிற ஒரு ஆச்சி. அவர் மனசு நோகுமோ என்று இருந்தது. போன தையில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். "எழுதுங்க, அதனால என்ன" என்றார். இனியும் எழுதாவிட்டால் சாமி பொறுக்காது.

என் மனைவிக்கு இடுப்பு மூட்டு தேய்ந்து திருச்சியில் ஆபரேஷன் செய்திருந்தோம். உயிருக்குக் குறைவில்லை. ஆனால் இடுப்பை அதிகம் மடக்கக் கூடாது, இடது காலை நீட்டிச் சாய்ந்த வாக்கில்தான் உட்கார வேண்டும், தாழ்வான இடத்தில் உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். வீட்டில் கட்டில் உண்டு, சமாளித்தோம். மீமிசலில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகள் அந்தச் சமயம்தான் உண்டாகியிருந்தாள். முன்னே உண்டானதெல்லாம் தங்கவில்லை. இந்தத் தடவை படுக்கையை விட்டு எழக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மாமியார் இல்லாத வீடு. மருமகன் ஐஸ் கம்பெனி வேலைக்குப் போனால் பிள்ளை தனியாகக் கிடப்பாள். போனில் வேறு ஒன்றும் கேட்க மாட்டாள். "அம்மா, நீ வந்துரு" என்பாள். அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸ் வைத்துப் போகலாமே என்று நான் சொன்னதற்கு, "நான் ஆம்புலன்ஸ்ல போயி எறங்குனா எம்மக பயந்தே செத்துருவா" என்றாள் மனைவி. அதனால் கார் வாங்குவது என்று முடிவு செய்தோம். வயலில் ஒரு பகுதியைக் கொடுத்தோம்.

மச்சினன் தன் லோடு வண்டியில் மெத்தை போட்டு அக்காவைப் படுக்க வைத்துப் புதுக்கோட்டைக்குக் கொண்டு வந்தான். அந்தக் குலுக்கலில் மீமிசல்வரை அவளால் போக முடியாது. அவன் உள்ளூர் வண்டிக் கட்சி. "நம்ம நாட்டு வண்டின்னா கீரனூர்லயே சாமான் கெடைக்கும் மச்சான். வெளிநாட்டு வண்டி வாங்குனா ஒரு கண்ணாடி ஒடஞ்சாலும் கப்பலுக்குக் காத்துக் கெடக்கணும்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான்.

ஷோரூமில் சின்னக் கார் எல்லாவற்றிலும் ஏறிப் பார்த்தாள். ஒன்றில் இருக்கை பள்ளம். இன்னொன்றில் கால் முன்பக்கம் போய் முட்டியது. உயரமான வண்டி ஒன்றில் ஏறவே முடியவில்லை. விற்கிற பையன் பொறுமையாகத்தான் இருந்தான். "இது ஃபுல்லா பின்னாடி வந்துருச்சு ஆன்ட்டி, இதுக்கு மேல போகாது" என்றான்.

"எனக்கும் இதுக்கு மேல மடங்காது தம்பி. ரெண்டு பேரும் எப்புடிச் சேர்றது?" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். திரும்பி வரும்போது மெத்தையில் படுத்துக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெயிலுக்கு என்று நினைத்தேன்.

பிறகுதான் ஒரு தரகர், திருமயம் பக்கத்தில் ஒரு வீட்டில் கார் நிற்கிறது, மலேசியாவில் இருந்தவர் கப்பலில் கொண்டு வந்தது, சாமான் கிடைக்காது என்று ஒருவரும் வாங்க வரவில்லை, உள்ளூர்க் கார் விலைக்கே கொடுப்பார்கள் என்றார். போனோம். ஒரு ஆச்சி மட்டும் அந்த வீட்டில் இருந்தார். வெறும் கழுத்து, வெள்ளைச் சேலை. சாவியை எடுத்துக்கொண்டு வந்து இடது பக்கக் கதவைத் திறந்தார்.

அப்போது அந்த இருக்கை தானாக நகர்ந்தது. மெல்ல முனகிக்கொண்டு பின்னால் போயிற்று. முதுகு சாய்ந்தது. கொஞ்சம் உயர்ந்து நின்றது. உள்ளே உட்கார்ந்திருந்த ஒருவர் நமக்காக எழுந்து ஒதுங்குகிற மாதிரி இருந்தது.

ஆச்சி கதவுக்கு மேல் விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார், ஏறுகிறவர் தலை இடிக்காமல். "மொதல்ல முதுகக் காட்டி உக்காருங்க. பெறகு கால எடுங்க. அவசரமில்ல" என்றார். மனைவி உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சை ஆபரேஷனுக்குப் பிறகு நான் கேட்டதில்லை.

"ஏங்க," என்றாள், "எனக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

ஆச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சொல்ல வேண்டாம் என்று தரகர் கண்ணைக் காட்டியதை அவர் சட்டை செய்யவில்லை. "தம்பி, மறைக்கிறது பாவம். எங்க அவுகளுக்குப் பக்கவாதம் வந்து ஒரு காலு மடங்காது. அவுகளுக்கு வச்ச அளவுதான் அது. மதுரைக்கு ஆஸ்பத்திரி போற வழியில அந்த எடத்துலயே உக்காந்தபடி போயிட்டாக. நான் பின்னாடி இருந்தேன். தூங்குறாகன்னு நெனச்சுட்டேன். ஒங்களுக்கு ஒப்பும்னா எடுங்க."

எனக்கு ஒப்பவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள் இறங்காமலே சொன்னாள்: "மக கூப்புடுறா. நல்ல மனுசன் உக்காந்த எடந்தான."

பணம் கொடுத்துவிட்டோம். மனைவியும் மச்சினனும் முன்னாலேயே லோடு வண்டியில் கிளம்பிவிட்டார்கள். சாமிக்கு முன் நிறுத்திப் பூசை போடாமல் அந்தக் காரில் அவளை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. நான் மட்டும் காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். பட்டப்பகல். புதுக்கோட்டை தாண்டும்வரை ஒன்றுமில்லை. நார்த்தாமலை திரும்புகிற இடத்துக்கு முன்னால் வண்டி கத்த ஆரம்பித்தது. டிங், டிங் என்று ஒரே சத்தம். முன்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று அதற்கு அர்த்தம்.

பக்கத்து இருக்கையில் ஒரு துண்டுகூட இல்லை.

ஓரமாக நிறுத்தினேன். கையால் தடவிப் பார்த்தேன். வெயில் படாத பக்கம், ஆனாலும் கொஞ்சம் சூடாக இருந்தது. வாயில் வந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன். சத்தம் நிற்கவில்லை. கடைசியில் குனிந்து, வெறும் இருக்கைக்குப் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். நின்றுவிட்டது. அங்கிருந்து வீடு வரைக்கும் நான் இடது பக்கம் திரும்பவில்லை. பழைய வண்டியில் அந்த ஒயர் கெட்டுப் போனால் அப்படிக் கத்தும் என்று பிறகு சொன்னார்கள். இருக்கலாம். நான் மோட்டார் வேலைக்காரன், எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் நான் தனியாக வரவில்லை.

மறுநாள் ஐயனார் கோயிலில் நிறுத்தினேன். பூசாரி சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார், தேங்காய் சுற்றி உடைத்தார். செத்த வீட்டுத் தீட்டு இருக்கிறது என்று நான் சொன்னதும், மஞ்சள் தண்ணீரும் கோமியமும் கலந்து வேப்பிலையால் தெளிக்கச் சொன்னார். தெளிக்கத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து வாளி நிறையக் கரைத்து, இடது பக்கக் கதவைத் திறந்து, இருக்கையில் ஊற்றினேன். ஒரு வாளி போதவில்லை என்று இன்னொன்றும். ஒரு சாவு விழுந்த வீட்டைக் கழுவுகிற மாதிரிக் கழுவிவிட்டேன். போய்விடுங்கள், எங்களை விட்டுவிடுங்கள் என்று வாய்விட்டே சொன்னேன்.

இருக்கை ஒரு தடவை முன்னால் வந்தது. நிமிர்ந்தது. அப்படியே நின்றுவிட்டது. பிறகு எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை.

மச்சினன் வந்து பார்த்தான். சீட்டெல்லாம் மஞ்சள். "ஏன் மச்சான், காருக்கு சடங்கு சுத்துனீங்களா?" என்றான். மனைவி சிரிக்கவில்லை. அன்று காலைதான் மகள் போனில் வயிறு இறுக்கிப் பிடிக்கிறது என்று சொல்லியிருந்தாள்.

இருக்கையைக் கழற்றினேன். அடியில் இருந்த சின்ன மோட்டார்களை வெயிலில் காய வைத்து, துடைத்து, உள்ளே தேய்ந்திருந்த கார்பன் கரியை மாற்றினேன். எனக்குத் தெரிந்த வேலை. ஓடியது. ஆனால் கதவைத் திறந்தால் தானாகப் போகவில்லை. புதுக்கோட்டையிலிருந்து ஒரு கார் எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தேன். அவர் பார்த்துவிட்டு, "மோட்டார் நல்லா இருக்குங்க. ஞாபகம் வச்சிருக்கிற பெட்டில பழைய அளவு அழிஞ்சு போச்சு. இன்னமே நீங்க வக்கிற அளவுதான்" என்றார்.

அளவு வைக்க உட்கார்ந்தோம். மனைவியை ஏற்றிப் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தினேன். பின்னால் போனால் கால் தொங்கியது. உயர்த்தினால் இடுப்பு இழுத்தது. சாய்த்தால் முதுகு நிற்கவில்லை. எல்லாம் ஒரு விரல்கடை வித்தியாசம்தான், அது கிடைக்கவில்லை. வலி தாங்காமல் அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"அவரு கொடுத்துட்டுப் போனதத் தண்ணி ஊத்தி வெரட்டிட்டீங்களே" என்றாள்.

ஆச்சிக்குப் போன் செய்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று இருந்தேன். "நாளைக்கிக் காலையில வாரேன்" என்றார். பஸ் ஏறி வந்து சேர்ந்தார். மஞ்சள் கறையைப் பார்த்தார்.

மனைவியை உட்காரச் சொன்னார். மறுபடியும் உள்ளங்கை கதவின் மேல். பிறகு தரையில் மண்டியிட்டு, மனைவியின் முழங்காலுக்கும் முன்பக்கத்துக்கும் நடுவில் தன் கையை விரித்து வைத்தார். ஒரு சாணும் நாலு விரலும். அந்த அளவு வரும்வரை என்னை அழுத்தச் சொன்னார். முதுகுக்கும் இருக்கைக்கும் இடையில் கையை நுழைத்துப் பார்த்தார், அது நுழையாமல் நிற்கும்வரை சாய்க்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தார். கடைசியில், யாரைப் பார்த்தும் இல்லாமல் கேட்டார்: "இப்பச் சரியா இருக்கா உங்களுக்கு? காலு இழுக்கலயே?"

"இல்ல ஆச்சி" என்றாள் மனைவி. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெட்டியில் அந்த அளவை நான் பதிந்து வைத்தேன்.

அப்போதே மீமிசலுக்குக் கிளம்பினோம். ஆச்சியைப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவதாகப் பேச்சு. அவர் பின்னால், இடது பக்க இருக்கைக்கு நேர் பின்னால், ஏறி உட்கார்ந்தார். கேட்காமலே அங்கேதான் உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்டு வாசலில் நிறுத்தினேன். ஆச்சி இறங்கினார். கதவைச் சாத்துமுன் முன் இருக்கையின் தலைச்சாய்ப்பில் கையை வைத்து, "பாத்துப் போயிட்டு வாங்க. நான் இங்கிட்டே எறங்கிக்கிறேன்" என்றார்.

"சரி" என்று பதில் வந்தது.

ஆச்சி கதவைச் சாத்திவிட்டு நடந்தார். கூட்டத்தில் கலந்தார். நான் வண்டியை எடுத்தேன். அறந்தாங்கி ரோட்டுக்குத் திரும்பியதும் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"ஆச்சிக்கிச் சரின்னு மொட்டையாச் சொல்லிட்டீங்களே, சரிங்க ஆச்சின்னு சொல்லக் கூடாதா?"

"நான் எங்க சொன்னேன்? நீதான் சொன்னன்னு நெனச்சேன்."

"நான் வாயே தெறக்கலங்க."

என் கால் பிரேக்குக்குப் போயிற்று. இறங்கி வேறு வண்டி பிடிக்கலாமா என்று நினைத்தேன். அவளைப் பார்த்தேன். அவளுக்கும் முகம் வெளுத்துத்தான் இருந்தது. இருக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையை எடுத்து மடியில் வைத்தாள். பிறகு மற்றொன்றையும்.

"நிறுத்தாதீங்க," என்றாள். "யாரு சொன்னா என்ன. சரின்னுதான சொன்னாக. ஓட்டுங்க, பிள்ள தனியா இருக்கா."

ஓட்டினேன். அறந்தாங்கி தாண்டி உப்புக்காற்று வருகிறவரை நான் மூச்சை அளந்து அளந்துதான் விட்டேன். வழியில் அவள் ஒரு தடவைகூட வலி என்று சொல்லவில்லை. மகள் வீட்டு வாசலில் நின்றதும் நான் சுற்றி வந்து இடது கதவைத் திறந்தேன். அவள் ஊன்றுகோலை வாங்கி, தன் காலாலேயே இறங்கி, உள்ளே போனாள். கட்டிலில் படுத்திருந்த மகள் எழப் பார்த்தாள். "எந்திரிக்காத, நான் வந்துட்டேன்ல" என்ற குரல் வாசலுக்குக் கேட்டது. நான் காரின் அருகே நின்று, உள்ளே பார்க்காமல், கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, அதன் முதல் பிறந்தநாள் வரைக்கும் என் மனைவி மகளோடு தங்கியிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் இதை இப்போது பலவிதமாகச் சொல்கிறார்கள். பேய்க் கார் என்கிறான் ஒருவன். செத்தவர் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார் என்கிறான் இன்னொருவன். கோயில் பக்கம் இதையே ஐயனார் சொன்ன அருள்வாக்கு என்கிறார்கள். நான் ஐயனாரை நம்புகிறவன். அவர் சொல்லாததை அவர் தலையில் வைக்க மாட்டேன். ஒரு மனுசர் தான் உட்கார்ந்த இடத்தை என் மனைவிக்கு விட்டார், அல்லது விட்டார் என்று நாங்கள் இருவரும் நம்பி அந்தக் காரில் மகளிடம் போய்ச் சேர்ந்தோம். கேட்டது "சரி" என்கிற ஒரே வார்த்தை. ஆண் குரலா பெண் குரலா என்று எங்களுக்குத் தெரியாது. படிக்கிறவர்கள் தயவுசெய்து இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது அந்த ஒரு வார்த்தைக்கு மேல் இன்னொன்றைச் சேர்க்க வேண்டாம். அதை எடுத்துவிடவும் வேண்டாம்.